அசர்வா வாவுக்குள் இறங்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

கட்டடக்கலை படிக்க அகமதாபாத்தில் இடம் கிடைத்திருப்பதாக உன் அப்பா சொன்னான். வங்கி வேலைக்காக அந்த ஊரில் குடியிருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வகுப்புகள் சூடுபிடிப்பதற்குள் சபர்மதியைத் தாண்டிப் பழைய நகரத்தை நடந்து பார்த்துவிடு.

1411-இல் சுல்தான் அகமது ஷா அமைத்த ஊர் அது. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது அதற்குத்தான். மாநகராட்சியே காலையில் ஒரு பாரம்பரிய நடை நடத்துகிறது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும். முதல் தடவை அதில் சேர்ந்துகொள். அப்புறம் தனியாகப் போ, அவசரமில்லாமல்.

ஜாமா மசூதி 1424-இல் எழுந்தது. 260 தூண்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணிக்கையில் மயங்கி நின்றுவிடாதே. நடு வளைவின் இருபுறமும் மினாராக்களின் அடிப்பகுதி மட்டும் நிற்கும். மேலே இருந்தது 1819 நிலநடுக்கத்தில் சரிந்துவிட்டது. அந்த அடிப்பகுதியின் மாடங்களைக் கிட்டப் போய்ப் பார். கோயிலென்றால் தெய்வச் சிலை இருக்க வேண்டிய இடத்தில் கொடியும் பூவும் படர்ந்திருக்கும். குஜராத்துக் கோயில்களில் பழகிய உளிதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. தொழுகை நடக்கும் இடம் என்பதை மறக்காதே. தலையில் துப்பட்டா போட்டுக்கொள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதே. தொழுகிறவர்களைப் படம் எடுக்காதே.

சீதி சையது மசூதியின் கல் ஜன்னலை நீ படத்தில் பார்த்திருப்பாய். 1573-வாக்கில் ஓர் அபிசீனியர் கட்டியது. பின்னிப் பிணைந்த அந்தக் கல்மரத்தை வெயில் ஏறிய பிறகு பார்.

நான் உன்னை வற்புறுத்தி அனுப்ப நினைப்பது அசர்வாவுக்கு. பழைய நகரக் கோட்டைக்கு வெளியே, வடகிழக்கில் இருக்கிறது. ரிக்‌ஷாக்காரரிடம் ‘தாதா ஹரி நி வாவ்’ என்று சொல். வாவ் என்றால் படிக்கிணறு. திருவெள்ளறைக் கிணற்றை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதே. அங்கே நாற்புறமும் வழி, இங்கே கிழக்கிலிருந்து ஒரே நீண்ட படிவரிசை. சுல்தான் மகமூது பேகடாவின் அந்தப்புரத்தில் பொறுப்பில் இருந்த ஹரீர் என்ற பெண்மணி, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டுவித்தது. உள்ளே கல்வெட்டு இரண்டு: ஒன்று சமஸ்கிருதம், ஒன்று அரபி. தண்ணீர் எல்லோருக்கும் என்பதை அவர் இரண்டு மொழியிலும் பதித்துவைத்ததாகவே எனக்குப் படுகிறது.

தரைக்கு மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐந்து அடுக்கு, பூமிக்குள். இறங்க இறங்க வெயில் பின்தங்கும், தெருச் சத்தம் அடங்கும், கல் சில்லென்றிருக்கும். முற்பகல் பத்து மணிக்கு மேல் போனால் வெளிச்சம் படி வழியே உள்ளே வரும். தூண்களும் உத்தரங்களும் பக்கத்து மண்ணின் அழுத்தத்தை எப்படித் தாங்குகின்றன என்று உட்கார்ந்து வரைந்து பார். எந்தப் பாடப்புத்தகமும் அப்படிச் சொல்லித்தராது. மேலே வந்ததும் மேற்கே நட. அந்த அம்மாள் கட்டிய மசூதியும் அவர் சமாதியும் அங்கேயே இருக்கின்றன. கிணற்றின் தூணில் பார்த்த அதே பூவேலையை மசூதியிலும் தேடு.

அடாலஜ் வாவுக்கு எல்லோரும் கூட்டிக்கொண்டு போவார்கள், அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. அசர்வாவுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். நீயாகவே கிளம்பிப் போ, கண்ணு. தீபாவளிக்கு வரும்போது நீ வரைந்ததை எனக்குக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா