நீரில் கரையாப் பொருள்

உலகத்துப் பொருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று எளிதிற் கலந்துவிடுவன அல்ல. உப்பை நீரில் இட்டால் கரைகின்றது. எண்ணெயில் இட்டால் அடியிற் படிகின்றது. உருக்கிய நெய்யை நீரில் விட்டால் மேலே மிதக்கின்றது. எண்ணெயில் விட்டால் அதனோடு இரண்டறக் கலந்துவிடுகின்றது. அடுக்களையில் நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சியினுள் பெரியதோர் உண்மை அடங்கியுள்ளது. அவ்வுண்மையைக் கருதாது கையாளப்பட்ட ஒருவகை எண்ணெய், இருபதாம் நூற்றாண்டில் கடலையும் பறவையையும் மாந்தரையும் எவ்வாறு தாக்கியது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

இனம் இனத்தை நாடும்

நீரின் மூலக்கூறு ஒருபுறம் சிறிதளவு நேர்மின் தன்மையும், மறுபுறம் சிறிதளவு எதிர்மின் தன்மையும் உடையது. உப்பும் மின்தன்மை கொண்ட துகள்களால் ஆயது. ஆதலின், நீர் மூலக்கூறுகள் அத்துகள்களைச் சூழ்ந்து நின்று, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. இதனையே கரைதல் என்கிறோம். சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கவல்லது.

எண்ணெயின் நிலை வேறு. அதன் மூலக்கூறில் இத்தகைய மின்முனைப்பு மிகக் குறைவு. நீர் மூலக்கூறுகள் தம்முள் இறுகப் பற்றிக்கொண்டு நிற்பன. அவை எண்ணெய்க்கு இடந்தருவதில்லை. எனவே எண்ணெய் ஒதுங்கி நிற்கின்றது. ஆனால், தன்னைப் போன்ற மற்றோர் எண்ணெயையோ கொழுப்பையோ கண்டால் தடையின்றிக் கலந்துவிடுகின்றது. இனம் இனத்தை நாடும் என்று மக்கள் வழங்கும் பழமொழி, வேதியியலுக்கும் பொருந்துவதாகும்.

குளோரின் ஏறிய எண்ணெய்

பைபீனைல் என்பது பன்னிரண்டு கார்பன் அணுக்களும் பத்து ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு பொருள். அறுகோண வடிவில் அமைந்த இரண்டு கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது போன்ற அமைப்புடையது. அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் சிலவற்றை நீக்கி, அவ்விடங்களில் குளோரின் அணுக்களை ஏற்றினால் கிடைப்பவை பாலிகுளோரினேற்ற பைபீனைல்கள். இவற்றைச் சுருக்கமாகப் பி.சி.பி. என வழங்குவர். குளோரின் அணுக்கள் எத்தனை என்பதையும், எவ்வெவ்விடங்களில் அமர்ந்துள்ளன என்பதையும் பொறுத்து இவை 209 வகைப்படும்.

இப்பொருள் 1881ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. எனினும் தொழில் முறையில் இதன் உற்பத்தி, 1929ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்து ஆனிஸ்டன் என்னும் ஊரில் தொடங்கிற்று. ஆங்கு உண்டான பொருள் அரோக்ளோர் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. அரோக்ளோர் 1254 என்றால், முதல் இரண்டு இலக்கங்கள் கார்பன் அணுக்கள் பன்னிரண்டு என்பதையும், பின்னிரண்டு இலக்கங்கள் எடையில் நூற்றுக்கு 54 பங்கு குளோரின் என்பதையும் குறிக்கும். பெயரே பொருளின் இயல்பைச் சொல்லும் இம்முறை நினைவிற் கொள்ளத்தக்கது.

குளோரின் கூடக்கூட இதன் தோற்றமும் மாறுகின்றது. அரோக்ளோர் 1242 எளிதில் ஓடும் எண்ணெய். 1254 தேனைப் போலத் தடித்த நீர்மம். 1260 கையில் ஒட்டும் பிசின். இவை நீரினும் எடை மிக்கவை. ஆதலால் நீரில் மிதவாமல் அமிழும். எளிதில் தீப்பற்றுவதில்லை, அமிலத்தாலும் காரத்தாலும் எளிதிற் சிதைவதில்லை, மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அரோக்ளோர் 1254 கொதித்து ஆவியாவதற்கு 365 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இத்துணை உறுதி வாய்ந்த பொருளைக் கண்ட தொழில் உலகம் அதனை விரும்பி வரவேற்றதில் வியப்பில்லை. மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் இவ்வெண்ணெய் நிரப்பப்பட்டது.

நெகிழ்வூட்டும் பணி

பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் இயல்பாக விறைப்பும் நொறுங்கும் தன்மையும் உடையது. நீண்ட சங்கிலிகளைப் போன்ற அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பதே அதற்குக் காரணம். அச்சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவற்றின் பிடியைத் தளர்த்தி, வளைந்து கொடுக்கச் செய்யும் பொருளை நெகிழ்வூட்டி என்பர். காய்ந்து விறைத்த தோலுக்கு எண்ணெய் இட்டால் அது குழைந்து பதப்படுவதை ஒப்பிட்டு அறிக.

நல்ல நெகிழ்வூட்டிக்கு வேண்டிய பண்புகள் மூன்று. அது பிளாஸ்டிக்கோடு நன்கு கலத்தல் வேண்டும். விரைவில் ஆவியாகிப் போய்விடலாகாது. மழை நீரில் கரைந்து வெளியேறலாகாது. இம்மூன்றும் குளோரின் ஏறிய எண்ணெய்களிடம் இருந்தன. அவற்றோடு தீயைத் தடுக்கும் ஆற்றலும் இருந்தது. எனவே வண்ணப்பூச்சுகளிலும், கட்டடங்களின் இணைப்பு இடைவெளிகளை அடைக்கும் பசைகளிலும், கரித்தாள் இன்றிப் படியெடுக்கும் காகிதங்களிலும் பி.சி.பி. சேர்க்கப்பட்டது. உலகில் உற்பத்தி செய்யப்பட்ட மொத்த அளவு ஏறத்தாழ 13 இலட்சம் டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

கரைதிறனின் கணக்கு

ஒரு லிட்டர் நீரில் அரோக்ளோர் 1254 எவ்வளவு கரையும்? ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கும் கரையாது. குளோரின் மிகுந்த வகைகள் இதனினும் குறைவாகவே கரையும். பென்சீன் போன்ற கரைப்பான்களிலோ, தாவர எண்ணெயிலோ, விலங்குக் கொழுப்பிலோ எனில் எளிதிற் கரைந்துவிடும். நீரையும் கொழுப்பை ஒத்த ஒரு திரவத்தையும் ஒரே குப்பியில் இட்டு, அதனுள் இப்பொருளைச் சிறிது சேர்த்துக் குலுக்கினால், நீரில் தங்குவதைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு செறிவாக அக்கொழுப்புத் திரவத்தில் சென்று தங்கும்.

நீரில் கரையாத பொருள் நீர்நிலைகளுக்குத் தீங்கு செய்யாது என்று ஒருவர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பிழையாம். நீரில் கரையும் நஞ்சு உடலினுள் புகுந்தால், பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேற வழியுண்டு. கரையாத பொருளுக்கோ அவ்வழி இல்லை. அஃது உடலின் கொழுப்பை நாடிச் சென்று அங்கேயே குடியிருக்கும். ஆற்றிலும் கடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது ஏற்கின்றன. அவற்றைத் தின்னும் சிறுமீனிடம் அது சேர்கின்றது. சிறுமீன்கள் பலவற்றைத் தின்னும் பெருமீனிடம் மேலும் திரள்கின்றது. பெருமீனை உண்ணும் பறவையிடம் மிகுதியாகத் தேங்குகின்றது. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நஞ்சின் செறிவும் ஏறுகின்றது.

கழுகின் உடலில் கண்ட புதிர்

இவ்வுண்மை வெளிப்பட்டது சுவீடன் நாட்டில். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சோரன் யென்சென் என்னும் வேதியியலறிஞர், உயிரினங்களின் உடலில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி எவ்வளவு உள்ளது என ஆராய்ந்துகொண்டிருந்தார். கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவி, டி.டி.டி.க்கு உரிய குறிகளோடு வேறு பல குறிகளையும் தாளில் வரைந்து காட்டிற்று. அவை எப்பொருளுக்கு உரியவை என்பது எவருக்கும் விளங்கவில்லை.

அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது எளிது. தேடிய பொருள் கிடைத்துவிட்டதன்றோ? ஆயினும் யென்சென் அவ்வாறு விடவில்லை. பால்டிக் கடலின் மீன்களிலும், இறந்து கிடந்த வெண்வால் கடற்கழுகின் உடலிலும் அதே குறிகள் காணப்பட்டன. தம் குடும்பத்தாரின் தலைமயிரிலும் அவற்றைக் கண்டார். ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பின் பயனாக, 1966ஆம் ஆண்டில் அப்பொருள் பி.சி.பி.யே என்று உலகிற்கு அறிவித்தார். தொழிற்கூடத்து எந்திரங்களிலும் பூச்சுகளிலும் இருப்பதாக எண்ணப்பட்ட பொருள், எவரும் அறியாமலே கடலையும் கடந்து உயிர்களின் உடலுள் புகுந்திருந்தது.

எண்ணெய் நோய்

இரண்டாண்டுகள் கழிந்து, 1968ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் மேற்குப் பகுதியில் பெருந்துன்பம் நேர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கோழிகள் இலட்சக்கணக்கில் நோயுற்றன. மிகப் பல மடிந்தன. அவற்றின் தீவனத்தில், தவிட்டெண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து வந்த துணைப்பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அவ்வெச்சரிக்கையை உரியவாறு உணர்ந்தார் இலர். பின்னர் மக்களின் முகத்திலும் உடலிலும் கொப்புளங்கள் எழுந்தன, கண்களில் பீளை தள்ளிற்று, நகங்களும் தோலும் கருத்தன, கைகால்கள் மரத்துப்போயின. நோயுற்ற தாய்மார் சிலர்க்குத் தோல் கருத்த குழந்தைகள் பிறந்தன. அந்நோயாளர் அனைவரும் ஒரே ஆலையின் தவிட்டெண்ணெயை உண்டவர்கள் என்பது தெரியவந்தது. இந்நோய்க்கு யூஷோ என்று பெயரிட்டனர். எண்ணெய் நோய் என்பது அச்சொல்லின் பொருள்.

நிகழ்ந்தது யாது? தவிட்டெண்ணெயின் நாற்றத்தைப் போக்க அதனைச் சூடேற்றுவது வழக்கம். அவ்வாலையில், சூடேற்றும் குழாய்களினுள் கானெக்ளோர் என்னும் பி.சி.பி. ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து அது கசிந்து உணவெண்ணெயிற் கலந்தது. கசிந்தது நீராக இருந்திருப்பின், எண்ணெயோடு கலவாமல் தனியே பிரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். எண்ணெயில் முற்றும் கரையவல்ல பி.சி.பி.யோ, கண்ணுக்குப் புலப்படாமல் அதனுள் மறைந்துகொண்டது. மேலும், பன்னாள் சூடேறிய பி.சி.பி.யில் பியூரான் வகையைச் சார்ந்த கொடிய நஞ்சுகளும் உண்டாகியிருந்தன என்பதும், நோயின் கடுமைக்கு அவையே பெருங்காரணம் என்பதும் பிற்கால ஆராய்ச்சியால் விளங்கின. இந்நோயால் தாக்குண்டோர் என ஏற்கப்பட்டவர்கள் ஈராயிரத்திற்கு மேற்பட்டோர். 1979ஆம் ஆண்டில் தைவான் தீவிலும் இதே முறையில் தவிட்டெண்ணெய் நஞ்சாகி மக்களை வருத்திற்று.

விலக்கும் எச்சரிக்கையும்

இந்நிகழ்ச்சிகள் உலகின் கண்களைத் திறந்தன. ஜப்பான் 1972ஆம் ஆண்டில் பி.சி.பி. உற்பத்தியை நிறுத்திற்று. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 1979இல் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. நீடித்து நிற்கும் நஞ்சுகளை விலக்குவதற்கென 2001ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவாகி, 2004இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனை 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

எனினும், உற்பத்தி நின்றதும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. பழைய மின்மாற்றிகளிலும் கட்டடங்களிலும் உள்ள பி.சி.பி.யை அழித்தல் எளிதன்று. குறைந்த வெப்பத்தில் எரித்தால் புதிய நஞ்சுகள் பிறக்கும். 1100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், அதற்கென அமைந்த உலைகளில் எரித்தல் வேண்டும். எது அதன் சிறப்பு எனப் போற்றப்பட்டதோ, அவ்வழியாத் தன்மையே அதன் குற்றமாயிற்று.

பி.சி.பி. விட்டுச் சென்ற இடங்கள் சிலவற்றில் குளோரினேற்ற பாரபின்கள் வந்து அமர்ந்தன. இவை பாரபின் என்னும் மெழுகின இனத்தில் குளோரினை ஏற்றிப் பெறப்படுவன. நீரில் கரையாமை, கொழுப்பில் கரைதல், எளிதில் தீப்பற்றாமை ஆகிய பண்புகள் இவற்றிற்கும் உண்டு. பண்பு ஒத்திருக்கப் பயன் மட்டும் வேறாகுமோ? இவற்றுள் 10 முதல் 13 வரை கார்பன் அணுக்களைக் கொண்ட குறுஞ்சங்கிலி வகை 2017ஆம் ஆண்டிலும், 14 முதல் 17 வரை கொண்ட இடைச்சங்கிலி வகையுள் குளோரின் மிகுந்தவை 2025ஆம் ஆண்டிலும் அதே உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

முடிவுரை

திருத்தத்தின் பயனும் கண்கூடாகத் தெரிகின்றது. பி.சி.பி.யும் டி.டி.டி.யும் விலக்கப்பட்ட பின்னர், பால்டிக் கரையில் அருகிவந்த வெண்வால் கடற்கழுகுகள் 1980களிலிருந்து மீண்டும் குஞ்சு பொரித்துப் பெருகலாயின. மாந்தர் தம் செயலைத் திருத்திக்கொள்ளின் இயற்கையும் தன் காயத்தை மெல்ல ஆற்றிக்கொள்கின்றது.

ஒரு புதிய பொருளை ஆக்குவோர், அஃது என்ன பணி செய்யும் என்று மட்டும் வினவுதல் போதாது. பணி முடிந்த பின் அஃது எங்குச் செல்லும், எதனில் கரையும், எவ்வளவு காலம் நிற்கும் என்றும் வினவுதல் வேண்டும். தேடாமல் எதிர்ப்பட்ட குறிகளைப் புறக்கணியாது ஆராய்ந்த யென்செனின் பொறுமையும், மடிந்த கோழிகள் தந்த எச்சரிக்கையை மக்கள் உணராமையால் விளைந்த துன்பமும், அறிவியல் கற்கும் மாணவர் என்றும் மனத்திற் பதிக்கத்தக்கன.

பயிற்சி வினாக்கள்

1. உப்பு நீரில் கரைவதற்கும் எண்ணெய் கரையாமைக்கும் காரணம் கூறுக.
2. நெகிழ்வூட்டிக்கு வேண்டிய மூன்று பண்புகள் யாவை?
3. நீரில் கரையாத நஞ்சு உடலில் தங்குவது ஏன்?
4. யூஷோ நோய் பரவிய வரலாற்றைச் சுருக்கி வரைக.
5. ‘சிறப்பே குற்றமாயிற்று’ என்பதைப் பாடத்தைக் கொண்டு விளக்குக.