'கொ' எங்கே தொடங்குகிறது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அரண்மனைக்குப் பக்கத்தில்தான் வீடு. அதன் முகப்பு மண்டபமான பூமுகத்துக் கூரையில் செதுக்கியிருக்கும் பூக்களைப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் அப்படியே வரைவான். பாடப் புத்தகத்தை எடுத்தாலோ, ஒரு வரி தாண்ட அஞ்சு நிமிஷம். 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்பான். ண, ன, ந மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 'மக்கு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ரோஷம் வந்தாவது படிப்பான் என்று, ரெண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சியை அவன் முன்னால் வாசிக்கச் சொன்னேன். இப்போது காலையானால் வயிற்றுவலி என்கிறான். ஹாஸ்டலில் விட்டால் சரியாகும் என்கிறார் அவன் அப்பா. இது சோம்பலா, நோயா? என்ன செய்ய, டீச்சர்?
- ஒரு தாய், பத்மநாபபுரம்

பதில்: லீவு நாளில் வயிறு வலிக்கிறதா என்று கவனியுங்கள். அன்றும் வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளி நாளில் மட்டும் வலிக்கிறது என்றால், பயத்தில் வரும் வலி. அதையும் நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

சோம்பலாக எனக்குத் தெரியவில்லை. பூமுகத்துக் கூரையில் 90 விதப் பூக்கள் என்பார்கள். அவற்றின் வித்தியாசத்தைப் பிடித்து வரைகிறவனுக்குப் பொறுமைக்கும் கவனத்துக்கும் குறைவில்லை. எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில்தான் அவன் இடறுகிறான். 'கொ'வையே பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அப்புறம் 'க', கடைசியில் கால். வாயோ 'க்'கில் தொடங்கி, கொம்பையும் காலையும் சேர்த்து 'ஒ' என்று முடிக்க வேண்டும். நாம் யோசிக்காமல் செய்யும் இதைச் சில பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் செய்கிறார்கள். உங்கள் மகன் காலைக் கவனிக்காமல் விடுகிறான், அதனால்தான் 'கெக்கு'. இது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்த மாட்டேன். அப்படியே இருந்தாலும் அது நோயும் அல்ல, புத்திக் குறைவும் அல்ல.

முதலில் தக்கலை அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். முறையான மதிப்பீட்டுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் கற்றல் குறைபாடும் உண்டு. எட்டு வயதைத் தாண்டிவிட்டதால் சான்றிதழுக்கு இப்போதே கேட்கலாம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க அது உதவும்.

அடுத்து பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. ஆனாலும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளை மேய்க்கும் டீச்சருக்கு உங்கள் மகனின் வரைநோட்டைக் காட்டிவிட்டு நான்கே விஷயம் கேளுங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே சொல்லியனுப்பட்டும். தெரிந்த பதிலை வாயால் சொல்ல விடட்டும். 'மக்கு' என்ற பேச்சு வகுப்பில் எழுந்தால் அங்கேயே நிறுத்தட்டும். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தும் பலன் இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

இனி ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. தங்கச்சியை வாசிக்க வைத்தீர்களே, வகுப்பில் நடந்ததுதான் அன்று வீட்டிலும் நடந்தது. அதை இன்றோடு விடுங்கள். ஹாஸ்டலும் வேண்டாம். அங்கேயும் இதே 'கொ'தான். ராத்திரி சாய்ந்து அழ அம்மா இருக்க மாட்டாள்.

வீட்டில் தினம் பதினைந்து நிமிஷம் போதும். மூன்று அட்டைகளில் கொம்பு, 'க', கால் என்று தனித்தனியாக எழுதுங்கள். 'க'வை வைத்து வாசிக்கட்டும். கொம்பைச் சேர்த்து வாசிக்கட்டும். பிறகு காலைச் சேர்க்கட்டும். தாம்பாளத்தில் மணல் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லட்டும். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பு தாமதமாவதால் பாட அறிவும் தாமதமாக வேண்டியதில்லை.

அந்த அட்டைகளை வரைகிற வேலையை அவனிடமே கொடுங்கள். உங்கள் வீட்டில் கை நேர்த்தி அவனுக்குத்தானே!