அந்தராயமும் வறுமையும்

எண்வினைகளுள் இறுதியாக எண்ணப்படுவது அந்தராயம். தானம், இலாபம், போகம், உபபோகம், வீரியம் ஆகியவற்றுக்கு இடையூறாய் நிற்பதால் அஃது ஐவகைப்படும். முயன்றும் பொருள் கைகூடாமை இலாபாந்தராயத்தின் பயன் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆதலின் வறியவரைக் கண்டவுடன் 'அவர் வினை' என்று கூறி அமைவது நமக்கு எளிதாகிவிட்டது. பொருளிருந்தும் ஈய இயலாமை தானாந்தராயம். செல்வரைக் கண்டு அவ்வாறு கூறுவாரை நாம் கண்டிலோம்.

நம் மகன் உயர்ந்தால் அவன் உழைப்பு என்கிறோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரின் மகன் பின்தங்கினால் சோம்பல், குடி, இவை இல்லையேல் பழவினை என்கிறோம். ஒரே கேள்விக்கு இருவகை விடை தருவது ஆராய்ச்சி ஆகாது.

மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயோரம் இருந்த கோவிந்தசாமி நகரைக் கருதுவோம். பல்லாண்டுகள் அங்கு வாழ்ந்தோரின் வீடுகள் நீதிமன்ற ஆணைப்படி 2022 மே மாதத்தில் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து மாண்டார். மாற்றிடமாகக் கூறப்பட்டது நகரின் தெற்கே நெடுந்தொலைவிலுள்ள பெரும்பாக்கம். 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்திற்கும் பல்லாயிரவர் அனுப்பப்பட்டனர். அடையாற்றில் மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர் அத்துணைத் தொலைவிலிருந்து விடியற்காலையில் எங்ஙனம் வருவார்? வேலை போகும், வருவாய் போகும். இவ்விலாபத்திற்கு நேர்ந்த இடையூறு முற்பிறப்பினின்று மட்டும் வந்ததோ? அம்மரணத்திற்குப் பின், கோவிந்தசாமி நகரத்தார்க்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு வழங்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகில் இடமே இல்லை என்பது உண்மையாயின் அவ்வறிவிப்புக்கு வழியேது?

வினைக்கொள்கையை நாம் இங்கு மறுக்கவில்லை. அதனை முழுதும் படிக்க வேண்டுகிறோம். உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினைகளின் ஊற்றுகளைக் கூறி வருகையில், பிறர்க்கு இடையூறு செய்தலே அந்தராயத்தின் ஊற்று என்று வைத்தார். நாமோ இடர்ப்படுவோரின் பழங்கணக்கைப் பார்க்கிறோம். அச்சூத்திரம் இடர் செய்வோரின் புதுக்கணக்கைத் திறக்கிறது. தொலைவால் தாமதித்து வந்தவரின் ஊதியத்தில் ஒரு நாளைக் கழித்துக்கொள்வதும் அக்கணக்கில் ஏறும்.

நம்மவருள் கடை நடத்துவோர் உளர், அவர்க்கொரு வினா. தியாகராய நகர்க் கடைகளில் பொழுதெல்லாம் நின்ற விற்பனைப் பெண்டிரை நாம் கண்டிருக்கிறோம். கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை அவர்களை நிறுத்திவைத்தது யாருடைய வினை?