பட்டாளத்து லாரிக்கு டீசலைக் கூட்டலாமா?

கேள்வி: ராணுவ ஏலத்தில் போன ஸ்டாலியன் லாரி ஒன்றை வாங்கி உப்பளத்தில் ஓட்டுகிறோம். மீட்டரில் கிலோமீட்டர் குறைவுதான். ஆனால் லோடு ஏற்றினால் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது. துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது. பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். கரும்புகை வருகிறது என்றால், இப்போது உள்ளே போகிற டீசலே முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் ஓட அதைவிடத் தாராளமாகவே வேண்டும். காற்று போதாத இடத்தில் டீசலைக் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். அசோக் லேலண்ட் வடிவமைத்து ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் கோத்த வண்டி இது. மலையிலும் மணலிலும் பாரம் இழுக்கவே செய்தது. அதற்குச் சக்தி குறைவாகக் கொடுக்கப்படவில்லை. கொடுத்த சக்தி எங்கோ ஒழுகிப் போகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

கிலோமீட்டர் குறைவு என்பதை நம்பி ஏமாறாதீர்கள். பட்டாளத்து வண்டி ஓடிய தூரத்தைவிட டிப்போவில் நின்ற காலம் அதிகமாக இருக்கும். நின்ற வண்டியில் பிஸ்டன் தேயாது. ரப்பர் இறுகும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும். அதனால் முதலில் காற்றுப் பாதையைப் பாருங்கள். ஏர் ஃபில்டரை ஊதி மாட்டாமல் புதிதாகவே போடுங்கள். டர்போவிலிருந்து மேனிஃபோல்டு வரை போகிற ரப்பர் ஹோஸ்களின் கிளிப் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் அங்கே காற்று கசிய வாய்ப்புண்டு. அழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். அடுத்தது டீசல் பாதை. டேங்க்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, இன்ஜெக்டர்களை டெஸ்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். நாசில் பனிப்புகைபோலத் தூவ வேண்டும். சொட்டினால் அந்தச் சொட்டுதான் கரும்புகையாக வெளியே வருகிறது. டேப்பட் இடைவெளி, பம்ப் டைமிங், கம்ப்ரெஷன் மூன்றையும் பார்த்த பிறகே பம்ப்பைக் கழற்ற வேண்டும்.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர்தான். உப்புக் காற்றும் உப்பளத் தூசியும் ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்று புகாது, இதழும் அரித்துப்போகும். உள்ளே போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் சுண்ணாம்பு படிந்து இன்ஜினுக்குள்ளும் அடைக்கும். ரேடியேட்டரைக் கழற்றி இரு பக்கமும் சுத்தம் செய்து, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் வேண்டாம். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராவிட்டாலும் டீசல் சரியாக எரியாது.

கூட்டி வைத்த வண்டிகள் நன்றாக இழுக்கின்றனவே என்று கேட்பீர்கள். காற்று மிச்சம் இருக்கிற இன்ஜினில் இழுக்கத்தான் செய்யும். ஆனால் அதன் புகைபோக்கிச் சூடு ஏறும். அந்தச் சூட்டை முதலில் வாங்குவது டர்போவும் பிஸ்டன் தலையும் ஹெட் கேஸ்கெட்டும். ஏற்கெனவே சூடாகிற உங்கள் வண்டிக்கு அது தாங்காது. இன்னொரு வாதம், இன்றைய டீசலே பழைய பம்ப்பைக் கெடுக்கிறது என்பது. 2020 ஏப்ரல் முதல் நமக்குக் கிடைப்பது கந்தகம் 10 பிபிஎம்முக்கு மிகாத பிஎஸ்-6 டீசல். கந்தகத்தை எடுக்கும்போது வழுக்குத்தன்மை குறைவது உண்மைதான். அதை ஈடுகட்டச் சேர்மானம் கலந்தே டீசல் விற்பனைக்கு வருகிறது. அடி வாங்குவது பம்ப்பின் பழைய ரப்பர் சீல்கள்தான். சுருங்கி, டீசல் கசிந்து, காற்றையும் உறிஞ்சும். சீல் கிட் மாற்றினால் போதும். மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ கலக்க வேண்டாம்.

வேறு இன்ஜின் மாட்டலாம் என்று யாராவது சொன்னால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை நாமாக மாற்ற முடியாது. இத்தனையும் சரிசெய்த பிறகும் பைபாஸ் ரோட்டில் புது டிப்பரோடு இது போட்டி போடாது. இதன் கியரும் கட்டைப் பட்டன் டயரும் மண்ணில் இழுக்க ஏற்றவை. உப்பளத்துக்குள் இதன் அருமை தெரியும். ரோட்டில் அதன் வேகத்துக்கு விடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இழுவைக்குச் செலவு செய்வதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். உப்புக் காற்றில் பிரேக் குழாயும் ஏர் டேங்க்கும் வெளியே பெயின்ட் இருந்தும் உள்ளே அரித்திருக்கும். டேங்க்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள். பம்ப்பை டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பும்போது, கம்பெனி சொன்ன அளவுக்கே வைக்க வேண்டும், அதற்கு மேல் கூட்டக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.