கானுயிர் காக்கும் ஆயர்

கிழக்கு ஆப்பிரிக்காவிலே கென்யா, தான்சானியா என்னும் இரு நாடுகளிலும் பரந்த புல்வெளிகள் உள்ளன. அவ்வெளிகளில் வாழும் மாசாய் மக்கள் ஆயர் குலத்தினர். ஆடுமாடுகளே அவர்தம் செல்வம்; பால் அவர்தம் தொன்றுதொட்ட உணவு. உணவின்பொருட்டுக் காட்டு விலங்குகளை வேட்டையாடுதல் அவர்தம் பொதுவழக்கன்று. ஆதலின் அவர்தம் ஆனிரை மேயும் வெளியிலேயே வரிக்குதிரையும் மானும் மேய்ந்து வந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1904, 1911 ஆகிய ஆண்டுகளில் எழுந்த உடன்படிக்கைகளால் கென்யாவின் மாசாயர் தம் வளமிக்க வடநிலங்களை இழந்தனர். விலங்குகளைக் காத்தற்கென்று வகுத்த பூங்காக்களும் அவர்தம் மேய்ச்சல் நிலத்தைக் குறைத்தன. தான்சானியாவிலுள்ள செரங்கெட்டியினின்றும் 1959-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேற நேர்ந்தது.

பூங்காவின் எல்லையை மனிதர் அறிவர், விலங்கு அறியுமோ? சிங்கம் இரவில் வந்து பட்டியிலுள்ள பசுவைக் கொல்லும். யானை நீர்நிலையைக் கலக்கும். இவ்விழப்பெல்லாம் ஆயனைச் சார்ந்தன. விலங்குகளைக் காண வரும் செல்வர் தரும் பொருளோ பெரிதும் பிறரைச் சேர்ந்தது. பசுவை இழந்தவன் சினங்கொண்டு வேலெடுத்தான். சிலர் இறைச்சியில் நஞ்சும் கலந்து வைத்தனர். சிங்கங்கள் மாண்டன. இழப்பு ஒருவர்க்கும் ஊதியம் மற்றொருவர்க்கும் ஆயின், காவல் எவ்வாறு நிலைபெறும்?

இவ்வினாவிற்கு மாசாயரே விடை காணத் தொடங்கினர். கென்யாவின் லைக்கிப்பியாப் பகுதியில் இல் ங்வேசி என்னும் இடத்து மாசாயர், தம் பொதுநிலத்தில் 1996-ஆம் ஆண்டில் விருந்தினர் விடுதி ஒன்றைத் திறந்தனர். அவ்வட்டாரத்து மரமும் கூரைப்புல்லும் கொண்டு எழுந்த அவ்விடுதி ஊராரின் பொதுவுடைமை. அதன் வருவாய் கல்விக்கும் நீர்வசதிக்கும் பயன்பட்டது; இளைஞர் பலர் கானுயிர்க் காவலர் ஆயினர். 2002-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

'சஃபாரி' என்னும் சுவாகிலி மொழிச் சொல் பயணம் எனப் பொருள்படும். இக்காலத்தில் அது கானுலாவைக் குறிக்கிறது. மாரா வெளியில், தனித்தனி நிலமுடைய மாசாயர் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து, கானுலா விடுதி நடத்துவோர்க்கு வாடகைக்கு விடுத்தனர். 2006-ஆம் ஆண்டில் தோன்றிய ஓலரே ஒரோக் காப்பகம் இவ்வகையினது. அங்குக் கூடாரங்கள் சிலவே, கட்டணமோ மிகுதி. கூட்டம் குறைவதால் புல்லும் விலங்கும் பிழைக்கின்றன. கட்டணம் உயர்வதால் நிலமுடையார்க்கு வாடகை கிடைக்கிறது. சியூலு மலைச்சாரலில், விருந்தினர் செலுத்தும் காப்புக் கட்டணத்தைக் கொண்டு, கொடுவிலங்கால் கால்நடை இழந்தார்க்கு ஈடு வழங்குகின்றனர். பசுவிற்கு ஈடு பெற்றவன் வேலைச் சாத்திவிட்டு உறங்குகிறான்.

ஆயினும் இம்முறை குறையற்றதன்று. வாடகைக்கு விட்ட நிலத்தில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு உண்டு. நிலப்பட்டா பெரும்பாலும் ஆடவர் பெயரில் இருத்தலின், பெண்டிர்க்கும் நிலமிலார்க்கும் வாடகையில் நேர்ப்பங்கு அரிது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது விருந்தினர் வரவு நின்றது; பல காப்பகங்களில் வாடகையும் குறைந்தது. அந்நாளில் மாசாயரைத் தாங்கியது பண்டுதொட்டு வளர்த்துவந்த ஆனிரையே. விருந்தினர் பொருள் துணையாகலாம். முழுவாழ்வும் அதனையே பற்றி நிற்றல் தகாது என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

கானுயிரைக் காக்க வேண்டும் என்று தொலைவிலிருந்து கூறுதல் எளிது. அதனோடு ஒரே வெளியில் வாழ்ந்து, அதனால் வரும் இழப்பையும் பொறுத்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்வார்க்கு அதன் பயனிலும் உரிய பங்கு அளித்தல் ஈகையன்று, முறையேயாகும். அம்முறை பிழையாத இடத்தில் ஆயனும் வாழ்வான், சிங்கமும் வாழும்.