கடைசியில் வருகிறவனின் வெட்கம்



இந்த மாத இளைஞர் பாடத்தை எழுதச் சொன்னதும், "விடாமுயற்சி" என்று தலைப்புப் போட்டு, பெரியவர்கள் சொன்னதையே நானும் திருப்பிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மனசு ஒப்பவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. நான் மெதுவாக ஓடுகிறவன். 5 கிலோமீட்டர் ஓட எனக்கு 43 நிமிடம் ஆகும். என் நண்பர்கள் பலர் அதை 25 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அந்த 43 என்ற எண்ணை யாரிடமும் சொல்லாமல் ரொம்ப நாள் மறைத்தேன். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

உங்களுக்கு ஓட்டம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, படியுங்கள். தேவாரம் பாடும்போது குரல் நடுங்குகிறதா? கூட்டத்தில் பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? எல்லாம் ஒரே வெட்கம்தான். இடம்தான் வேறு.

1. முட்டி வலி என்று ஒரு பொய்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குக் குறுக்கோட்டம் என்றால் என்னவென்று தெரியும். எல்லா மாணவரும் ஓட வேண்டும். முதலில் வருகிறவர்களின் புள்ளி இல்லத்துக்குச் சேரும். நான் மஞ்சள் இல்லம். எனக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் மோட்டாரில் மெதுவாக வந்துகொண்டிருப்பார், யாராவது மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போக. அந்த மோட்டார் சத்தம் காதுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தால், நாம்தான் கடைசி என்று அர்த்தம். மூன்று வருஷம் அந்தச் சத்தத்தோடுதான் ஓடினேன்.

அப்போது பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வது மாம்பழக் கதை. "விநாயகர் சுத்தி வந்துதானே ஜெயிச்சாரு, நீ கவலப்படாத தம்பி." எனக்கு அதில் ஆறுதலே கிடைக்கவில்லை. விநாயகர் ஓடவே இல்லையே! நான் ஓடித்தானே ஆக வேண்டும்?

பொறியியல் படிக்க வந்த பிறகு, கூடப் படிக்கிறவர்கள் சனிக்கிழமை காலையில் குவீன்ஸ்பே கடலோரப் பாதையில் சேர்ந்து ஓடுவார்கள். நான் இருப்பது பாயான் லெப்பாஸ்தான், பக்கம். எதிரே ஜெரஜாக் தீவு, வடக்கே பினாங்குப் பாலம். காலை வெயில் ஏறுமுன் ஓட அருமையான இடம். நானும் போனேன். ஒரு சனிக்கிழமை நான் ஓடி முடித்து வந்தபோது மற்ற எல்லாரும் வியர்வை காய்ந்து, ஐஸ் மைலோ குடித்து முடித்து, எனக்காகக் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

அவர்கள் கேலி செய்யவில்லை. அன்பாகத்தான் தட்டினார்கள். ஆனால் எனக்குக் கேலியே தேவலை என்று இருந்தது. முதலில் வந்தவனுக்கு யாரும் தட்டவில்லையே, எனக்கு மட்டும் ஏன்? அடுத்த வாரம் "முட்டி வலி" என்று குழுவில் செய்தி போட்டேன். அதற்கடுத்த வாரமும் அதே முட்டி வலி. இரண்டு மாதம் ஓடியது அந்தப் பொய். என் முட்டிக்கு ஒன்றுமே இல்லை.

பிறகு ஒருநாள் மாமாக் கடையில் ஜூனியர் பையன் ஒருவனைப் பார்த்தேன். அவனும் அந்தக் குழுவில் இருந்தவன்.

"ஓடப் போறியாடா இன்னும்?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. நீங்க நின்னதும் நானும் நின்னுட்டேன்."

"ஏன்?"

"நீங்க இருந்தவரைக்கும் எனக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தாரு. நீங்க போனதும் நான்தான் கடைசி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு ரொட்டி சானாய் தொண்டையில் இறங்கவில்லை. என் வெட்கம் என்னோடு மட்டும் நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது இன்னொருவனையும் வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

2. உண்மையில் யார் பார்க்கிறார்கள்?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ள வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "எத்தனை பேர் உன் பனியனைக் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்பது போட்டவர்களின் ஊகம். உண்மையில் கவனித்தவர்கள் கால்பங்குதான். நாம் நினைப்பதில் ஏறக்குறைய பாதிக் கண்கள்தான் நம் மேல் இருக்கின்றன!

இதை நம் சமயத்தின் சொல்லில் சொன்னால் என்ன? அகங்காரம் என்றால் "நான்தான் பெரியவன்" என்று நெஞ்சை நிமிர்த்துவது மட்டும் என்று நினைத்திருந்தேன். "எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்" என்று கூனிக் குறுகுவதிலும் நடுவில் இருப்பது அதே "நான்"தான். கடலோரத்தில் தாய்ச்சி செய்யும் சீனப் பாட்டிக்கும், தூண்டில் போடும் மலாய்க்கார அங்கிளுக்கும் என் வேகத்தைப் பற்றி என்ன கவலை? அவர்களையெல்லாம் என் ஓட்டத்துக்கு நீதிபதிகளாக உட்கார வைத்தது நான்தான்.

பகவத் கீதையின் ஆறாவது அத்தியாயத்தில், ஒருவனுக்கு அவன் மனமே நண்பனாகவும் ஆகும், பகைவனாகவும் ஆகும் என்பதைக் கண்ணன் அர்ஜுனனுக்கு விளக்குகிறார். சமய வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. முட்டி வலி என்று பொய் சொன்ன இரண்டு மாதத்துக்குப் பிறகு புரிந்தது. யாரும் என்னை விரட்டவில்லை. என் மனசுதான் விரட்டியது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நேரம் நிஜமாகவே கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், "ஆமை" என்று பட்டப்பெயர் வைக்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் செய்யும் தவறு. அதைத் தாங்கிக்கொள்வதுதான் ஆன்மிகம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் கிளையில் அப்படி நடந்தால் பொறுப்பாளர்கள் அங்கேயே நிறுத்த வேண்டும்.

3. அப்பரின் கயிலைப் பயணம்

மாம்பழக் கதையில் எனக்குக் கிடைக்காதது அப்பர் சுவாமிகளின் வரலாற்றில் கிடைத்தது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இது வருகிறது.

முதிர்ந்த வயதில் அப்பருக்குக் கயிலையைக் காண வேண்டும் என்ற ஆசை வந்தது. காளத்தியிலிருந்து வடக்கே நடந்து காசியை அடைந்தார். உடன் வந்த அடியார்களை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டார். நடந்து நடந்து பாதம் தேய்ந்தது. கையை ஊன்றிப் போனார். கையும் தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாமல் போக, உருண்டார். கடைசியில் அசையவும் முடியாமல் கிடந்தார்.

அப்போது இறைவன் முனிவர் வடிவில் வந்து, மானிடரால் கயிலைக்குப் போக முடியாது, திரும்பிவிடும் என்கிறார். அப்பர் மறுக்கிறார். பிறகு, அருகில் இருந்த பொய்கையில் மூழ்கும்படி ஆணை கிடைக்கிறது. மூழ்கியவர் எழுந்த இடம் சோழ நாட்டுத் திருவையாறு. அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது.

இதில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு. முதலாவது, அப்பரின் வேகம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. நடை, தவழ்தல், ஊர்தல், உருளல். ஆனாலும் சேக்கிழார் அதைத் தோல்வியாகப் பாடவில்லை. வேகம் குறையக் குறைய அன்பு கூடுவதாகத்தான் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். இரண்டாவது, அவர் போய்ச் சேர நினைத்த இடத்துக்குக் கடைசிவரை கால் போய்ச் சேரவில்லை. இருந்தும் பட்ட பாட்டில் ஓர் அடியும் வீணாகவில்லை.

நான் அப்பர் இல்லை. குவீன்ஸ்பே கயிலையும் இல்லை. அது தெரியும். ஆனால் மெதுவாகப் போவதை நம் முன்னோர் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தக் கதை போதும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தைப்பூசத்தன்று நம் தண்ணீர்மலைக்குப் போங்கள். மேலே பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு 513 படி. காவடி எடுத்தவர் பத்துப் படி ஏறி நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி ஏறுவார். வயதான பாட்டி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவார். கூட்டம் வழிவிடும், "வேல் வேல்" என்று குரல் கொடுக்கும். மேலே போனதும் யாராவது "எத்தனை நிமிஷத்துல ஏறுனீங்க?" என்று கேட்டதுண்டா? மெதுவாகப் போகிறவரை மதிக்க நமக்கு ஏற்கெனவே தெரியும். ஓட்டப் பாதைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

4. உடம்பின் கணக்கு

பொறியியல் மாணவன் என்பதால் கணக்கும் கொஞ்சம் பார்த்தேன். மெதுவான ஓட்டம் என்றால் தரம் குறைந்த ஓட்டம் என்று எண்ணியிருந்தேன். அது தப்பு. உலகின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தங்களுக்கு எளிதான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். அந்த வேகத்திலேயே இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் தள்ளப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உங்கள் வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் வேண்டாம். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. மூச்சு முட்டினால் நடங்கள். நடப்பது தப்பே இல்லை. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அப்பர் கதையை அதற்குச் சாக்காகச் சொல்லக் கூடாது.

நம் சமுதாயத்தில் ஓட்டம் என்றால் உடனே சொல்லும் பெயர் டாக்டர் மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல்தான் முறியடித்தார்கள். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கோவிந்தசாமி சரவணன். 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர். நான்கு மணி நேரத்துக்கும் மேலான போட்டி. எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும், ஓடினால் வெளியேற்றிவிடுவார்கள். ஓடக் கூடாது என்பதே விதியாக உள்ள விளையாட்டில் நம் ஆள் தங்கம் வாங்கினார்!

கடைசியாக ஒரு கணக்கு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடையேதான் அதிகம். என் அப்பாவும் அந்தக் கணக்கில் ஒருவர். "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அப்பா போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இந்தத் தொப்பய வச்சிகிட்டு ரோட்டுல நடந்தா பாக்குறவன் சிரிப்பான்லா" என்றார்.

என் முட்டி வலி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

5. திரும்பிப் போனேன்

குழுவில் உண்மையை எழுதினேன். "முட்டிக்கு ஒன்றுமில்லை. கடைசியில் வர வெட்கமாக இருந்தது. இனி வருகிறேன், ஆனால் கைதட்டாதீர்கள்." ஒருவரும் கேலி செய்யவில்லை. "சாரிடா, எங்களுக்குத் தோணல" என்று பதில் வந்தது. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: வேகமாக முடித்தவர்கள் திரும்பி வந்து, கடைசி ஆளோடு பேசிக்கொண்டே ஓடி வருவார்கள். ஜூனியரும் வருகிறான். போன மாதம் என்னை முந்திவிட்டான், பாவி! என் நேரம் 41 நிமிடம். இன்னும் கடைசிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அப்பாவை அதே பாதைக்குக் கூட்டிப் போகிறேன். முதல் நாள் பத்து நிமிடம் நடந்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "யாரும் பாக்கலயேடா" என்றார்.

"ஆமாப்பா, யாரும் பாக்கல" என்றேன். பிறகு எழுந்து இன்னும் பத்து நிமிடம் நடந்தோம்.

சிந்திக்க

1. "மற்றவர்கள் பார்ப்பார்கள்" என்பதற்காக நீங்கள் விட்டுவிட்ட நல்ல செயல் எது? உண்மையில் யார் பார்த்தார்கள்?

2. வெட்கத்தை மறைக்க நீங்கள் சொன்ன "முட்டி வலி" என்ன?

3. உங்கள் கிளையில், வகுப்பில், வீட்டில் இப்போது கடைசியில் வருகிறவர் யார்? அவரோடு சேர்ந்து நடக்க உங்களால் முடியுமா?

இந்த மாதம் செய்து பாருங்கள்

வாரம் மூன்று நாள், 20 நிமிடம் நடங்கள் அல்லது பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். நேரத்தைக் குறிக்காதீர்கள், போன நாட்களை மட்டும் குறியுங்கள். ஒருநாளாவது வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் வேகத்தில் நடங்கள்.