இரண்டு பாதி, ஒரு பாட்டு

 

"இந்த மாத சுவர் இதழின் தலைப்பு கூட்டு முயற்சி" என்று தமிழ் ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டதும் எல்லாரும் எறும்பு, தேனீ, காக்கா என்று எழுத ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்து சார்ட்டைப் பாருங்க, அதிலேயே மூணு எறும்பு இருக்கு. நான் எறும்பைப் பற்றி எழுதவில்லை. இங்கிலாந்து நாட்டில் பாட்டு செய்கிற இரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் இவர்களைப் பிடித்தேன் என்பதைக் கடைசியில் சொல்றேன். நின்றுகொண்டே படிக்கிறீர்கள், கால் வலிக்கும். இருந்தாலும் பாதியில் போய்விடாதீர்கள்.

ஒருநாள் எங்கள் ஆங்கில டீச்சர் அவங்க செல்போனில் ஒரு இங்கிலீஷ் பாட்டு போட்டாங்க. எனக்குப் பாதி வார்த்தை புரியல. ஆனா பியானோ சத்தம் மனசுக்குள்ள போய் உட்கார்ந்துகிச்சு. "பாடுறவர்தான் மெட்டுப் போட்டவர். வார்த்தை எழுதினவர் வேற ஆள். ரெண்டு பேரும் ஒரே அறையில உட்கார்ந்து பாட்டு செய்யுற வழக்கமே இல்ல" என்று டீச்சர் சொன்னாங்க. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. பிறகு டீச்சரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யார் இவர்கள்?

மெட்டுப் போடுபவர் எல்டன் ஜான். இது அவர் பிறகு வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரெஜினால்ட் டுவைட். 1947-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று லண்டனை ஒட்டிய பின்னர் என்ற ஊரில் பிறந்தார். (ஊர் பேரே "பின்னர்"தாங்க! எழுத்துப் பிழை இல்லை.) சின்ன வயதிலேயே காதால் கேட்டதைப் பியானோவில் அப்படியே வாசிப்பாராம். 11 வயதில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் என்ற பெரிய இசைப் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது.

வார்த்தை எழுதுபவர் பெர்னி டாப்பின். 1950-ஆம் ஆண்டு மே 22 அன்று லிங்கன்ஷயர் என்ற விவசாயப் பகுதியில் பிறந்தார். நம்மைப் போலக் கிராமத்துப் பிள்ளை. அவருக்குக் கவிதை ருசி காட்டியது அம்மாவும், அம்மாவழித் தாத்தாவும். சீக்கிரமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அச்சகத்திலும் பண்ணையிலும் வேலை பார்த்தார். பாட்டு வாசிக்கத் தெரியாது. மெட்டுப் போடத் தெரியாது. எழுத மட்டும் தெரியும்.

சேர்த்து வைத்த விளம்பரம்

1967-ஆம் ஆண்டு லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி, "நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்" பத்திரிகையில் புதிய திறமைசாலிகள் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டார்கள். ஒருத்தர் யார்னு இன்னொருத்தருக்குத் தெரியாது.

எல்டன் நேரில் போனார். "எனக்கு மெட்டு வரும், வார்த்தை வராது" என்ற உண்மையைச் சொன்னார். கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே இருந்த ஒருவர், தபாலில் வந்திருந்த ஒரு கவரைப் பிரிக்காமலே எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்தக் கவருக்குள் இருந்தவை பெர்னி எழுதிய கவிதைகள்.

யோசிச்சுப் பாருங்க. வேறு கவர் கையில் கிடைத்திருந்தால்? "எனக்கு எல்லாம் தெரியும்" என்று அவர் பொய் சொல்லியிருந்தால் அந்தக் கவரே கிடைத்திருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் மீதிப் பாதி கிடைத்தது. (இது நான் என் நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்த இடம்.)

அடுக்குக் கட்டில் காலம்

பிறகு இருவரும் டிக் ஜேம்ஸ் என்ற இசை வெளியீட்டாளரிடம் சேர்ந்தார்கள். பெர்னி, எல்டனின் அம்மா வீட்டிலேயே வந்து தங்கினார். சின்ன வீடு. ஹாஸ்டல் மாதிரி ஒரே அறையில் மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில். 1969-ல் வந்த முதல் ஆல்பம் "எம்ப்டி ஸ்கை" பெரிதாக விற்கவில்லை.

அந்த வீட்டில்தான் ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் பெர்னி ஒரு தாளில் எழுதினார். எல்டன் பியானோவில் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்குள் மெட்டுப் போட்டுவிட்டார். அதுதான் "யுவர் சாங்". 1970-ல் வெளியாகி, இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டு நாட்டுப் பட்டியலிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. எங்கள் டீச்சர் போட்டுக் காட்டிய பாட்டும் இதேதான்.

அதன் பிறகு நிற்கவே இல்லை. 1972 முதல் 1975 வரை தொடர்ந்து 7 ஆல்பங்கள் அமெரிக்காவில் முதலிடம். அதில் "குட்பை யெல்லோ பிரிக் ரோடு" 1973-ல் இரண்டு இசைத்தட்டாக வந்தது. 1975-ல் வந்த "கேப்டன் ஃபென்டாஸ்டிக்" ஆல்பம் இவர்கள் இரண்டு பேரும் கஷ்டப்பட்ட அடுக்குக் கட்டில் காலத்தின் கதை. அதில் கேப்டன் என்பது எல்டன். பெர்னிக்கு வைத்த பட்டம் "மண்ணிறக் கௌபாய்". மாடு மேய்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு எப்படிச் செய்தார்கள்?

நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், கவிஞர் அதற்கு வார்த்தை போடுவார் என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். இவர்கள் முறை நேர் எதிர்.

1. பெர்னி தனியாக உட்கார்ந்து எழுதுவார். மெட்டு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாது.
2. தாளை எல்டனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.
3. எல்டன் தாளைப் பியானோ மேல் வைத்து, படித்துக்கொண்டே வாசிப்பார்.
4. மெட்டு வந்தால் வந்தது. ரொம்ப நேரம் முட்டி மோத மாட்டார். வராவிட்டால் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார்.
5. வரி நீளமாக இருந்தால் வெட்டியும் விடுவார்!

இந்த ஐந்தாவதுக்கு ஒரு உதாரணம். 1973-ல் வந்த "டேனியல்" என்ற பாட்டு. வியட்நாம் போரில் காயப்பட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு படைவீரனை நினைத்து பெர்னி எழுதியது. பாட்டு நீளமாக இருக்கிறது என்று எல்டன் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டார். விஷயம் விளங்குகிற பத்தியே அதுதான்! அதனால் டேனியல் யார், எதற்காக ஊரை விட்டுப் போகிறான் என்று கேட்டவர்கள் குழம்பினார்கள். ஆனாலும் பாட்டு வெற்றி பெற்றது. எழுதினவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நல்லாத் தெரியும்.

பெயரும் பணமும்

எல்டன் ஜான் பெயரில் வந்த முதல் இசைத்தட்டு 1968-ல் வெளியானது. அந்தப் பாட்டின் வார்த்தைகளையும் எல்டனே எழுதினார். ஆனால் இரண்டு பேர் பெயரையும் போட்டார். பெர்னிக்கும் அதில் ஒரு பங்கு பணம் வரட்டும் என்று! மேடையில் வெளிச்சம் எல்லாம் எல்டன் மேல்தான். தட்டில் மட்டும் எப்போதும் இரண்டு பெயர்.

பணத்தில் ஏமாற்றமும் உண்டு. 1967-ல் டிக் ஜேம்ஸிடம் கையெழுத்துப் போட்டபோது எல்டனுக்கு வயது 20, பெர்னிக்கு 17. அந்த நாட்டில் அப்போது 21 வயதுதான் மேஜர். அந்த ஒப்பந்தத்தால் ஆரம்பகாலப் பாட்டுகளின் உரிமை வெளியீட்டாளரிடம் போய்விட்டது. பிற்பாடு வழக்குப் போட்டார்கள். 1985-ல் தீர்ப்பு வந்தது. வரவேண்டிய பாக்கித் தொகை உண்டு, ஆனால் பாட்டின் உரிமை திரும்பாது என்று. எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்று எங்க அப்பா சொல்வார். அது இங்கிலாந்துக்கும் பொருந்தும்.

பிரிவும் சேர்க்கையும்

1976-க்குப் பிறகு இரண்டு பேரும் விலகினார்கள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஓயாத வேலை, புகழ், கெட்ட பழக்கங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு பேரையும் களைக்க வைத்துவிட்டன. எல்டன் வேறு பாடலாசிரியரோடு சேர்ந்து 1978-ல் ஒரு ஆல்பம் செய்தார். அதே ஆண்டில் பெர்னி அமெரிக்காவில் ஆலிஸ் கூப்பர் என்ற பாடகருக்கு எழுதினார். இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் பழைய மாதிரி அமையவில்லை.

1980-ல் சில பாட்டுகளில் மறுபடி சேர்ந்தார்கள். 1983-ல் ஒரு ஆல்பம் முழுவதும் பெர்னியே எழுதினார். அதில் ஒரு பாட்டின் பெயர் "ஐ அம் ஸ்டில் ஸ்டேண்டிங்". நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

உங்களுக்குத் தெரியுமா?

* "கேண்டில் இன் த விண்ட்" (காற்றில் மெழுகுவர்த்தி) 1973-ல் நடிகை மர்லின் மன்றோவை நினைத்துச் செய்த பாட்டு. 1997-ல் இளவரசி டயானா விபத்தில் இறந்தபோது பெர்னி வார்த்தைகளை மாற்றி எழுதினார். செப்டம்பர் 6 அன்று இறுதிச் சடங்கில் எல்டன் பாடினார். அந்தத் தட்டு உலகம் முழுவதும் சுமார் 3 கோடியே 30 லட்சம் விற்றது. மெட்டு அதே மெட்டு. வார்த்தை மாறியதும் வேறு ஒருத்திக்கான அழுகை ஆகிவிட்டது.
* இவர்கள் கதையைச் சொல்லும் "ராக்கெட்மேன்" படம் 2019-ல் வந்தது. அதில் வந்த பாட்டுக்காக 2020-ல் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆஸ்கர் விருது கிடைத்தது.
* எல்டனின் கடைசிச் சுற்றுப்பயணம் 2018-ல் தொடங்கி 2023 ஜூலை 8 அன்று ஸ்டாக்ஹோமில் முடிந்தது.
* ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் எல்டன் 1994-ல் சேர்ந்தார். பெர்னி சேர்ந்தது 2023-ல். கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து! அவரை மேடையில் அறிமுகம் செய்தவர் எல்டன்.
* 2024-ல் கெர்ஷ்வின் பரிசு இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. 2025-ல் வந்த எல்டனின் ஆல்பத்துக்கும் பெர்னி எழுதியிருக்கிறார்.

கடைசியில் சொல்றேன்னு சொன்னது

நம் ஆண்டு விழாவில் ஏரி பற்றிப் பாடிய பாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெட்டுப் போட்டுப் பாடியவள் என் தோழி. வார்த்தை எழுதியது நான். இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. மைக்கில் அறிவிச்சப்போ அவ பேரை மட்டும் சொன்னாங்க. அதுகூடப் பரவாயில்லை. நான் ராத்திரி உட்கார்ந்து எழுதிய மூன்றாவது பத்தியை அவள் பாடவே இல்லை. வெட்டிவிட்டாள். அதில்தான் எங்க ஆத்தா சொன்ன ஏரிக்கரைக் கதை இருந்தது. விழா முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். "நீ இல்லாட்டி எனக்குப் பாட்டு வராதா?"ன்னு கேட்டேன். அன்னைக்கு அவ என் பெஞ்சை விட்டு எழுந்து போனவ. ரெண்டு மாசம் ஆச்சு.

டேனியல் கதையைக் கேட்ட அன்றைக்கு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் பாட்டைத் தட்டித் தட்டி எண்ணிப் பார்த்தேன். முதல் இரண்டு பத்தியிலும் ஒரு வரிக்கு எட்டுத் தட்டு. மூன்றாவது பத்தியில் பத்து, பதினொன்று. அவ எங்கே மூச்சு விடுவா? அதை என்னிடம் சொல்லிவிட்டு வெட்டியிருக்கலாம். ஆனால் நானும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கலாம்.

அவ இல்லாமல் இந்த ரெண்டு மாசத்தில் நான் நாலு பாட்டு எழுதினேன். நாலும் நோட்டில் படுத்துக் கிடக்கு. எழுந்து நடக்கல.

அதனால் மூன்றாவது பத்தியை எட்டுத் தட்டுக்குள் வருகிற மாதிரி மாற்றி எழுதிவிட்டேன். ஆத்தா கதை போகவில்லை, சுருங்கித்தான் இருக்கு. அந்தத் தாளை அவ சயின்ஸ் நோட்டுக்குள்ள வச்சிருக்கேன். மெட்டு வந்தா பாடட்டும். வராட்டி ஒதுக்கி வைக்கட்டும். எல்டன் அப்படித்தானே செய்வார்? என் பெஞ்சில் இடம் காலியாகத்தான் இருக்கு.

அப்புறம் அந்தப் பாட்டுக்கு இன்னும் இரண்டு பெயர் எழுதப்படவில்லை. இந்த சார்ட்டின் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கோட்டில் "சொல்", இன்னொரு கோட்டில் "மெட்டு". பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். அவ வந்து எழுதின பிறகுதான் நான் என் பெயரை எழுதுவேன்.

படித்தவர்களுக்கு மூன்று கேள்விகள்

1. இருவரையும் சேர்த்து வைத்த விளம்பரம் எந்த ஆண்டு வந்தது?
2. "டேனியல்" பாட்டில் வெட்டப்பட்டது எந்தப் பத்தி?
3. உங்களிடம் இருப்பது எந்தப் பாதி? மீதிப் பாதி யாரிடம் இருக்கிறது?

முதல் இரண்டுக்கு விடை மேலேயே இருக்கு. மூன்றாவதுக்கு என்னிடம் விடை இல்லை, நீங்களேதான் தேடணும்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி.

சொல்: ......................
மெட்டு: ......................